இரண்டாவது கோடு

தடுப்பூசிச் சோதனை நடக்கும் மருத்துவமனைகளில், பெண்களுக்கு ஊசி அறைக்குப் போகிற வழி கழிவறை வழியாகத்தான். ஜோகன்னஸ்பர்க்கோ டர்பனோ லுசாக்காவோ, எந்த ஊராக இருந்தாலும் நடைமுறை ஒன்றே. வந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுப்பார்கள். அவள் கொண்டுவந்து வைத்த சிறுநீரில் செவிலியர் ஒரு பட்டையை நனைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார். ஒரு கோடு விழுந்தால் உள்ளே போகலாம். இரண்டு கோடு விழுந்தால் அன்றைக்கு ஊசி இல்லை; பெரும்பாலும் அந்தச் சோதனையில் அவளுக்கு இனி ஊசியே இல்லை. அடுத்த ஊசிக்கு வரும்போதும் முதலில் குப்பிதான். கூடச் சேர்ந்த ஆண்களிடம் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

விரல் நீளமுள்ள அதே பட்டையைத்தான் நாள் தள்ளிப்போன பெண்கள் மருந்துக் கடையில் வாங்கிக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சில நிமிடத்தில் ஒரு வாழ்க்கையின் போக்கை மாற்றிவிடும் இந்தச் சிறு பொருளுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அதில் எலியும் முயலும் செத்தன, தவளைகள் கப்பலேறின, இரண்டு மருத்துவர்கள் நாட்டை விட்டே ஓடவேண்டியிருந்தது.

பட்டை தேடுவது ஹெச்.சி.ஜி. என்ற ஒரே ஒரு ஹார்மோனை. கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு, பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் இதைச் சுரக்கின்றன; தாயின் இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குகிறது. 1928 வாக்கில் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் செல்மர் அஷ்ஹைமும் பெர்ன்ஹார்ட் சோண்டெக்கும் இதை வைத்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிகளுக்குச் சில நாள் ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு எலிகளை அறுத்துச் சினைப்பையைப் பார்ப்பார்கள். அது வீங்கிச் சிவந்திருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் எலிக்குப் பதில் முயலை வைத்தார். பதில் இன்னும் சீக்கிரம் கிடைத்தது. “முயல் செத்துவிட்டது” என்றால் கர்ப்பம் உறுதி என்று அங்கே பேச்சு வழக்கானது. உண்மையில் பதில் எதுவானாலும் முயல் செத்தது. அறுக்காமல் பார்க்க வழியில்லை. பெர்லின்காரர்கள் இருவரும் யூதர்கள். நாஜிகள் வந்ததும் சோண்டெக் வேலையை இழந்து கடைசியில் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். அஷ்ஹைம் பாரிஸுக்குப் போனார்.

இதற்குப் பிறகு கதை தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. அங்கே கொஞ்சம் நிதானமாக நடக்கலாம்.

1927-இல் லான்சலட் ஹாக்பென் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். இடதுசாரி. நிறவெறியோடு ஒத்துப்போக முடியாமல் மூன்றே ஆண்டில் ஊர் திரும்பியவர். அந்த மூன்றாண்டில் அவர் கண்ணில் பட்டது கேப் பகுதிக் குளங்களில் மண்டிக்கிடந்த ஒரு தவளை. உள்ளூர்க்காரர்கள் பிளாட்டானா என்பார்கள். தட்டையான உடம்பு, நாக்கு கிடையாது, பின்னங்கால் விரல்களில் கறுப்பு நகம். மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றைப் பெண் தவளைக்கு ஏற்றினால் அது முட்டையிடுவதை ஹாக்பென் கவனித்தார். அவர் போன பிறகு, ஹில்லெல் ஷாபிரோவும் ஹாரி ஸ்வாரன்ஸ்டைனும் 1930களின் நடுவில் கேப்டவுனிலேயே அடுத்த படியை ஏறினார்கள். கர்ப்பிணியின் சிறுநீரைத் தவளையின் தோலுக்கடியில் செலுத்தினால் மறுநாள் காலைக்குள் முட்டை விழுந்துவிடும். யார் முதலில் கண்டது என்று இரு தரப்பும் பின்னாளில் சண்டை போட்டுக்கொண்டது தனிக்கதை.

ஆய்வகக்காரர்களுக்கு இந்தத் தவளை ஒரு வரம். கத்தியே வேண்டாம். கண்ணாடி ஜாடியில் விட்டுவிட்டுப் போனால் காலையில் அடியில் சிறு சிறு முட்டைகள் கிடக்கும். சில வாரம் ஓய்வு கொடுத்தால் அதே தவளையை மறுபடி பயன்படுத்தலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் கர்ப்பத்தை உறுதிசெய்ய கேப் தவளைகள் ஆயிரக்கணக்கில் கப்பலிலும் விமானத்திலும் போயின. தப்பியவையும் விடப்பட்டவையும் கண்டம் கண்டமாகப் பரவி இன்று பல நாட்டுக் குளங்களில் தொல்லையாக இருக்கின்றன. சுமார் எண்பது ஆண்டு கழித்து இதே தென்னாப்பிரிக்காவில்தான் உலகின் பெரிய ஹெச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைகள் நடந்தன. தவளையின் வேலையைப் பட்டை செய்தது.

தவளைக்கு ஓய்வு கொடுத்தது நோய் எதிர்ப்பியல். 1960-இல் சுவீடனில் லீஃப் வீடேயும் கார்ல் கெம்செலும் உயிருள்ள விலங்கை அறவே விட்டுவிட்டு, ஹெச்.சி.ஜி.யைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தையும் ஆட்டின் சிவப்பணுக்களையும் சோதனைக் குழாயில் கலந்தார்கள். குழாயின் அடியில் வளையம் படிகிறதா என்று பார்த்தால் போதும். 1967-இல் நியூ ஜெர்சியில் ஆர்கனான் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இந்தக் குழாய்கள் வரிசையாக, அடியில் கண்ணாடியோடு, மருத்துவர்கள் அனுப்பிய சிறுநீருக்காகக் காத்திருந்தன. முகப்பூச்சுப் பொருள்களுக்கு உறை வடிவமைக்க அமர்த்தப்பட்ட மார்கரெட் கிரேன் என்ற இளம்பெண் அவற்றைப் பார்த்தார். இவ்வளவு எளிதென்றால் பெண்ணே வீட்டில் செய்துகொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. நிறுவனத்தில் எதிர்ப்பு. மருத்துவர்கள்தான் அவர்களின் வாடிக்கையாளர்கள். அவர்களைத் தாண்டி அந்தச் செய்தி பெண்ணின் கைக்கு நேரே போகலாமா? கிரேன் விடவில்லை. பெட்டியை வடிவமைத்தார். காப்புரிமை அவர் பெயரில் வந்தது. உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார், அந்த ஒரு டாலரும் கைக்கு வரவில்லை. 1970களில் கனடாவிலும் பிறகு அமெரிக்காவிலும் வீட்டுச் சோதனை கடைக்கு வந்தது. 1988-இல் யூனிலீவர் நிறுவனத்தின் கிளியர்புளூ, குழாயையும் சொட்டு மருந்தையும் ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு பட்டைக்குள் அடக்கியது. கோடுகள் அப்போது வந்தவை.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. அது நம் நாட்டு வழியாகப் போகிறது. ஹெச்.சி.ஜி.யைச் சிறுநீரில் தேடிப் பிடிக்க முடியுமென்றால், உடம்புக்குள்ளேயே பிடித்துத் தடுத்தால் கர்ப்பமே தங்காதே என்று யோசித்தவர் புது டில்லியின் ஜி.பி. தல்வார். ஹெச்.சி.ஜி.யின் ஒரு பகுதியை டெட்டனஸ் அல்லது டிப்தீரியா நச்சுப் புரதத்தோடு இணைத்து ஊசியாக்கினார். அதை உடம்பு அந்நியமென்று நினைத்து எதிர்க்கும். 1994-இல் வெளியான முடிவுகளின்படி 148 பெண்களுக்கு ஊசி போடப்பட்டது. போதிய எதிர்ப்புச் சக்தி வந்தவர்களிடையே 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம். எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் கருத்தரிக்க முடிந்தது. ஆனால் எல்லாருக்கும் போதிய அளவு வரவில்லை. உலகெங்கும் பெண்கள் அமைப்புகளும் இத்தகைய ஊசிகளைக் கடுமையாக எதிர்த்தன. அந்த ஊசி சந்தைக்கு வரவே இல்லை.

வந்தது வதந்தி. டெட்டனஸும் ஹெச்.சி.ஜி.யும் ஒரே ஆய்வுக்கட்டுரையில் இருந்த செய்தி திரிந்து, பெண்களுக்குப் போடும் டெட்டனஸ் ஊசி மலடாக்கும் ஊசி என்று 1990களில் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் பரவியது. 2014-இல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்களே அதை எழுப்பினார்கள். ஊசிக் குப்பிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி ஹெச்.சி.ஜி. இருக்கிறது என்றார்கள். மனித இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் செய்த முறையைத் தடுப்பூசி மருந்தின் மேல் பிரயோகித்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மறுத்தன. சிசுவைக் கொல்லும் டெட்டனஸைத் தடுக்க வந்த ஊசி அது. தடுப்பூசியும் கர்ப்பமும் சேரும் இடத்தில் பெண்கள் சந்தேகத்தோடு நிற்பதை வெறும் அறியாமை என்று தள்ளுகிறவர்கள், தல்வாரின் ஊசி உண்மையாகவே இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கிரேன் பெண்ணின் கையில் கொடுத்த பட்டை, சோதனை மருத்துவமனையில் செவிலியரின் கைக்கு எப்படிப் போனது?

தாலிடோமைடால் போனது. 1950களின் கடைசியில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட அந்த மாத்திரையால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். அந்த அதிர்ச்சி சட்டமாக மாறியபோது, விசித்திரமாக, பெண்களையே வெளியே தள்ளியது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. கருத்தடை முறையைப் பயன்படுத்துகிறவளும் சேர முடியாது. கணவன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தாலும் முடியாது. தாலிடோமைடின் பாடம் கர்ப்பிணிகள் உட்கொள்ளப்போகும் மருந்தை முன்கூட்டியே ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்பதுதான். எடுத்துக்கொண்டது நேர்மாறான பாடம். எய்ட்ஸ் காலத்துப் போராட்டங்களும் பெண்கள் அமைப்புகளும் நெருக்க, 1993-இல் தடை நீங்கியது. கதவு திறந்தது, ஆனால் வாசலில் இரண்டு நிபந்தனைகள்: கருத்தடை, பட்டை.

தென்னாப்பிரிக்காவில் இந்த நிபந்தனைகள் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. 2016 அக்டோபரில் தொடங்கிய ஹெச்.வி.டி.என். 702 என்ற ஹெச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் 5,400 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2017-இல் தொடங்கிய இம்போகோடோ சோதனை முழுக்கப் பெண்களையே கொண்டது. தென்னாப்பிரிக்காவையும் சேர்த்து ஐந்து நாடுகளில் 2,600-க்கும் மேற்பட்டோர். இத்தகைய சோதனைகளில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே நம்பகமான கருத்தடை இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அங்கே கருத்தடை என்றால் பெரும்பாலும் ஊசிதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெப்போ, அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நூர்-இஸ்டெரேட். நிறவெறி அரசு 1974-இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கறுப்பினப் பெண்கள் மேல் அதிகம் திணிக்கப்பட்டதும் இந்த ஊசிதான். அம்மாவுக்கு அரசு போட்ட அதே ஊசியை இப்போது மகளிடம் ஆராய்ச்சிக்காகக் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, டெப்போ போட்டால் ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுமோ என்ற ஐயம் பல ஆண்டாக இருந்தது, ஹெச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் சேர அந்த ஊசியே நுழைவுச்சீட்டு! 2019-இல் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 7,829 பெண்களிடம் நடந்த எக்கோ ஆய்வு, டெப்போ, காப்பர்-டி, கையில் வைக்கும் குச்சி மூன்றுக்கும் இடையில் பெரிய வேறுபாடில்லை என்று முடிவு சொன்னது. மூன்று குழுவிலும் ஹெச்.ஐ.வி. தொற்று அச்சமூட்டும் அளவுக்கு இருந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மாத்திரை என்றால் நிலைமை வேறு. ஹெச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையைச் சோதித்த ஃபெம்-ப்ரெப் ஆய்வில், கருத்தடை மாத்திரை எடுப்பதாகச் சொன்ன பெண்களிடையே கர்ப்பம், ஊசி போட்டவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆய்வில் சேரும் நேரத்தில் புதிதாக மாத்திரை தொடங்கியவர்களிடம் இன்னும் கூடுதல். சேர வேண்டும், சேரக் கருத்தடை வேண்டும், மாத்திரை வாங்கினால் போதும். வாங்கியதை விழுங்கினார்களா என்பதைப் பட்டைதான் மாதக்கணக்கு கழித்துச் சொன்னது. கட்டாயத்தின் பேரில் எழுதப்படும் கருத்தடை காகிதத்தில் மட்டும் வேலை செய்யும்.

பட்டைக்கும் எல்லை உண்டு. கரு உருவாகி, நகர்ந்து, கர்ப்பப்பைச் சுவரில் ஒட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் ஹெச்.சி.ஜி. சிறுநீரில் தலைகாட்டும். காலையில் ஒரு கோடு காட்டிவிட்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்குள் அப்போதே கரு இருந்திருக்கலாம். மறுபக்கம், பட்டையின் கூர்மை சில சமயம் தேவைக்கு அதிகம். 1988-இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்தபோது, கருத்தரித்தவற்றில் 22 சதவீதம் வேறு எந்த அறிகுறியும் தெரியும் முன்பே கலைந்துபோனது தெரிந்தது. சாதாரணமாக அந்தப் பெண் மாதவிலக்கு இரண்டு நாள் தள்ளி வந்தது என்று நினைத்து மறந்திருப்பாள். சோதனையில் இருக்கிறவளுக்கோ இரண்டு கோடு பதிவாகிறது, ஊசி நிற்கிறது, அடுத்த வாரம் அது “கருச்சிதைவு” என்று கோப்பில் ஏறுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியுமுன், சில சமயம் அவளே அறியுமுன், ஒரு செவிலியருக்கும் கணினிக்கும் தெரிந்துவிடுகிறது. கிரேன் உடைக்கப் பார்த்த ஏற்பாடு இதுதான்.

இப்படித் தவறிப்போய் நேர்ந்த கர்ப்பங்கள்தான், வினோதமாக, நமக்கு முதன்முதலில் தகவலைத் தருகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியின் இரண்டு பெரிய சோதனைகளில் 15 முதல் 25 வயதுவரையான 26,130 பெண்கள் இருந்தார்கள். கருத்தடை விதிகளையெல்லாம் மீறி 3,599 கர்ப்பங்கள். 2010-இல் கணக்குப் பார்த்தபோது கருச்சிதைவு தடுப்பூசிக் குழுவில் 11.5 சதவீதம், மற்றதில் 10.2, தற்செயல் என்று சொல்லிவிடக்கூடிய வேறுபாடு. ஆனால் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் கருத்தரித்தவர்களை மட்டும் பார்த்தால் 14.7-க்கு 9.1. இதை ஒதுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. அந்த இரண்டில் ஒன்றான கோஸ்டா ரிகா சோதனையின் பெண்களை மேலும் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த பிறகு, 2015-இல்தான் அந்த மூன்று மாத அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று தெளிந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் உலகம் முழுக்கப் பெண்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொரோனாவில் இதே கதை வேகமாக ஓடியது. ஃபைசரின் சோதனையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கர்ப்பிணிகளுக்கு இடமில்லை, ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சோதனை. ஆனாலும் 2020 நவம்பர் நடுவரை 23 கர்ப்பங்கள்: தடுப்பூசிக் குழுவில் 12, மற்றதில் 11. அந்த 23 பேர்தான் டிசம்பரில் உலகத்தின் கர்ப்பிணிகளுக்குக் கையிலிருந்த மனித ஆதாரத்தில் பெரும்பகுதி. மருத்துவமனையில் வேலை செய்த கர்ப்பிணிச் செவிலியரும் மருத்துவரும் தாங்களே துணிந்து போட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2021 பிப்ரவரி முடிவதற்குள் 35,691 கர்ப்பிணிகள் தாங்கள் போட்டுக்கொண்டதைப் பதிவுசெய்திருந்தார்கள். அதிலிருந்து தெரியவந்ததை ஒரு முறையான சோதனை முன்பே சொல்லியிருக்கலாம். ஃபைசர் கர்ப்பிணிகளுக்கென்று தொடங்கிய சோதனைக்குத் திட்டமிட்டது 4,000 பேர், கடைசியில் சேர்ந்தது சுமார் 350. எல்லாரும் ஊசி போட ஆரம்பித்த பிறகு, ஒப்பீட்டுக்காகப் போடும் மருந்தில்லாத வெற்று ஊசிக்கு யார் வருவார்கள்? இந்தியாவில் 2021 ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலை 2 அன்று. நடுவில் வந்தது இரண்டாம் அலை. அந்த ஏப்ரலும் மே மாதமும் பிரசவ வார்டுகளில் எப்படிப் போயின என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இதற்கு முன்பே காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஒரு பாடம் இருந்தது. 2018 ஆகஸ்டில் வட கிவு பகுதியில் எபோலா அறிவிக்கப்பட்டபோது தடுப்பூசி தயாராக இருந்தது, ஆனால் பரிசோதனை நிலையில். உயிருள்ள வைரஸை வைத்துச் செய்தது என்பதால் கர்ப்பிணிகளுக்கு இல்லை என்றார்கள். எபோலா வந்த கர்ப்பிணியின் கரு பிழைப்பது அரிதிலும் அரிது. கருவைக் காப்பாற்ற ஊசியை மறுப்பதென்பது எந்தக் கணக்கு என்று பலர் கேட்டார்கள். 2019 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஊசி அவர்கள் கைக்குப் போய்ச்சேர ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் 2,287 பேர்.

பட்டையின் இரண்டாவது கோடு உள்ளே விடும் அடையாளமாக மாறிய இடங்களும் உண்டு. அதில் ஒன்று மறுபடி தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் ஷபிர் மாதியின் குழு 2011, 2012-இல் 2,300-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து ஃப்ளூ தடுப்பூசியைச் சோதித்தது. அவர்களில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களும் இருந்தார்கள். பிறகு வந்தது பச்சிளம் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ். தாய்க்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். 2015-இல் தொடங்கி 11 நாடுகளில் 4,636 கர்ப்பிணிகளிடம் நோவாவேக்ஸ் நடத்திய சோதனையில் பாதிப்பேர் தென்னாப்பிரிக்கர்கள். அந்த ஊசி இலக்கை எட்டவில்லை.

அடுத்து வந்த ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் ஊசி குழந்தைகளை நன்றாகவே காத்தது. ஆனால் ஊசி போட்ட தாய்மாரில் 6.8 சதவீதத்தினருக்குக் குறைப்பிரசவம், வெற்று ஊசிக் குழுவில் 4.9 சதவீதத்தினருக்கு. 2022 பிப்ரவரியில் சோதனையை நிறுத்தினார்கள். கர்ப்பிணிகளை ஆராய்ச்சியில் சேர்க்கவே கூடாது என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கோ இது எதிர்வாதத்துக்கு நல்ல சாட்சியாகப் படுகிறது. ஐயாயிரத்துச் சொச்சம் பெண்கள், ஒப்பிட ஒரு குழு, தொடர்ந்த கண்காணிப்பு. ஆபத்து அதனால் அங்கேயே பிடிபட்டது. சோதிக்காமல் சந்தைக்கு வந்திருந்தால் எந்தெந்த ஊர்ப் பிரசவ வார்டில் யார் அதைக் கணக்கெடுத்திருப்பார்கள்?

ஃபைசரின் ஆர்.எஸ்.வி. ஊசியிலும் குறைப்பிரசவம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது, தற்செயல் என்று சொல்லக்கூடிய அளவில். 2023 ஆகஸ்டில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தபோது கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் போட வேண்டும் என்று எல்லை வகுத்தது. அந்த வார எண்ணிக்கையைப் பட்டையால் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கேன் வேண்டும், கடைசி மாதவிலக்குத் தேதி வேண்டும். தேதியைச் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண்தான்.